சூடு பட்டால் தெரியும் படம்

கறுப்புக் கோப்பையில் டீ சீக்கிரம் ஆறாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை ஐயா. எங்கள் கடைக் கோப்பைகளின் கறுப்பு வேறு வேலைக்காகப் பூசியது. சூடு பட்டதும் அந்தப் பூச்சு கண்ணாடிபோல ஆகிவிடும்; பூச்சுக்கு அடியில் அச்சிட்ட படம் தெரியும். ஆறியதும் மறுபடி கறுப்பு. பரிசு கொடுப்பவர்கள் ஆசையாக வாங்குவார்கள்.

கடை என்னுடையது. படம் வரைவது என் மனைவியின் தம்பி. அப்பா இல்லாத பிள்ளை, என் வீட்டில் வளர்ந்தவன். தேர்தலில் தோற்றும் பதவியை விடாத அமைச்சரை, முதுகில் ஒட்டிய நாற்காலியோடு சோப்புப் போட்டுக் குளிப்பதுபோல வரைந்தான். நல்ல படம். நானே சிரித்தேன். அந்தப் படம் அச்சிட்ட கோப்பையும் பனியனும் விற்றுப் பறந்தன.

கட்சிச் செயலாளர் வந்தார். மிரட்டவில்லை. பக்கத்துக் கடையை ஏன் பூட்டிவிட்டார்கள் என்று மட்டும் என்னிடம் விசாரித்தார்.

"சிரிக்க வேண்டாம்னு யாரும் சொல்லல அண்ணே. அதைக் கடையில வச்சு விக்காதீங்க, அவ்வளவுதான்."

எல்லாவற்றையும் இறக்கினேன். இனி இருக்காது என்று வாக்கும் கொடுத்தேன்.

மச்சினன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "நாளைக்கு வாய்க்குப் பூட்டுப் போடணும்னு வந்தா, சாவியையும் நீங்களே செஞ்சு கொடுப்பீங்களா மாமா?"

"கடை இருந்தாத்தான்டா அந்த வாய்க்கு ஏதாவது கிடைக்கும்."

சிரித்துவிட்டான். சரி என்றான். நான் நம்பினேன். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

சில வாரம் கழித்துச் செயலாளர் இரண்டு பேரோடு பார்வையிட வந்தார். அலமாரியில் வெறும் கறுப்புக் கோப்பைகள். இன்னும் அச்சிடாதவை என்று மச்சினன் சொல்லியிருந்தான். அவற்றில் ஒன்றை எடுத்து நானே அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தேன். இந்தத் தொழிலில் இத்தனை காலம் இருந்தவன் செய்கிற காரியமா அது.

முதலில் சோப்பு நுரை தெரிந்தது. பிறகு அமைச்சர், நாற்காலி. சோப்புப்பெட்டியை ஏந்தி நின்றவர் செயலாளர். அமைச்சரின் முதுகைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்த ஆளுக்கு என் வழுக்கை, என் மூக்குக்கண்ணாடி.

என் சோற்றைத் தின்றவன் ஐயா.

செயலாளர் என்னையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களை அப்படியே உரிச்சு வச்சிருக்கான் அண்ணே. ஆள் எங்க?"

பின்னறைக் கதவைக் காட்டினேன்.

பனியனுக்கு அச்சு வைக்கும் மெஷின் அங்கே சூடாகிக்கொண்டிருந்தது. இஸ்திரிப்பெட்டி மாதிரிதான், ஆனால் மேல்தகடு ஓரம், நடு என்ற வித்தியாசம் இல்லாமல் ஒரே சீராகச் சுடும். கைப்பிடியை இறக்கினால் பூட்டிக்கொள்ளும். வந்தவர்களுக்கு அது பிடிபடவில்லை. கைப்பிடியைத் தப்பாக முறுக்கினார்கள். தெரியாதவர்கள் கையில் ஒரு மெஷின் படும் பாட்டை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எப்படி இறக்குவது என்று காட்டினேன். அழுத்தம் தரும் திருகையும் தளர்த்திவிட்டேன், எலும்பு நொறுங்கக் கூடாது அல்லவா. மருத்துவரைக் கேளுங்கள், எலும்பு முழுசாக இருக்கிறது. என் மனைவி அதை மட்டும் காதில் வாங்க மாட்டேன் என்கிறாள்.

"மாமா, சொல்லுங்க மாமா" என்றான் அவன்.

சொன்னேன். அவர்கள் பிடித்து வைத்திருந்தது வலது கை. அவன் இடது கையால் வரைகிறவன் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? சம்பந்தமில்லாத கை வீணாகப் போகக் கூடாது என்று நான்தான் மாற்றி வைக்கச் சொன்னேன்.

இன்று அவன் தன் கையால் எடுத்துச் சாப்பிடுகிறான் என்றால், அது என்னால்தான்.