நிவேஸ் இதைவிட நன்றாகப் பாடினாள்

— முதல்ல உக்காரு பொண்ணே. காப்பிக் கடையில நின்னுக்கிட்டே பேசினா, நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு பக்கத்து மேசைக்காரங்க நெனப்பாங்க.

— தப்புத்தான் பண்ணியிருக்கீங்க, பெப்போ மாமா. பேப்பர்ல இதை எழுதினது நீங்கதானே? படிக்கறேன் கேளுங்க. “வின்காவின் முதல் இசைத்தட்டு காதுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் இதே பாட்டுகளை அறுபத்தாறாம் வருஷம் நிவேஸ் இதைவிட நன்றாகப் பாடினாள்.”

— நான்தான். ‘இதமாக’ன்னு போட்டிருக்கேன், கவனிச்சியா? அந்த வார்த்தையை ரொம்ப நாளா நான் யாருக்கும் குடுத்ததில்லை.

— ‘இதே பாட்டுகளை’ன்னும் போட்டிருக்கீங்க. ஒவ்வொரு பாட்டும் நான் எழுதினது மாமா. மெட்டும் என்னுது. அறுபத்தாறுல எங்கம்மாவே பொறக்கலை.

— உங்கம்மா லேட்டாப் பொறந்ததுக்கு நான் என்ன பண்ண முடியும்?

— யாரு அந்த நிவேஸ்?

— அப்படிக் கேளு. துறைமுகத்துக்கு மேல அப்போ ஒரு ஓட்டல் இருந்தது. மொட்டை மாடியில நடனம் நடக்கும். உள்ளே போக என்கிட்ட நல்ல சட்டை கிடையாது. கீழே சுவரோரமா நின்னு கேப்பேன். முகத்தைப் பாத்ததே இல்லை, குரல் மட்டும் மேலேருந்து இறங்கி வரும். ஒரு நாள் இதே மாதிரி தெக்குக் காத்து. கெட்டியான காத்து, கத்தியால வெட்டித் தட்டுல வைக்கலாம். அதுல அவ ஒரு உச்ச ஸ்வரம் எடுத்தா பாரு, அது காத்துல மாட்டிக்கிச்சு. கீழே இறங்கலை. மறுநாள் காலையில எதிர்ல பிராச் தீவுல போய் இறங்கியிருக்கு. கழுதைங்க எல்லாம் சுமையை விட்டுட்டு நின்னு கேட்டுச்சாம். இதுல ஒரு சொட்டுப் பொய் கிடையாது.

— கழுதைங்க சொல்லிச்சா உங்ககிட்ட?

— கழுதைக்காரன் சொன்னான். கழுதைங்க அவ்வளவா வாய் திறக்காது.

— எனக்குச் சிரிப்பு வரலை மாமா. நீங்க எழுதின மறுநாளே தலைநகர் சாக்ரெப்ல ஒரு பத்திரிகையில ஒருத்தர், “மறைந்த கலைஞரின் அரிய தட்டு மறுபடி வெளிவந்திருக்கிறது, அவர் ஆன்மா சாந்தியடையட்டும்”னு எழுதிட்டார். போன் பண்ணி, ஐயா நான் உயிரோட இருக்கேன்னு சொன்னேன். ரொம்ப சந்தோஷம், நீங்க அவங்களுக்கு என்ன வேணும்னு கேக்கறார். இன்னொருத்தர் “நிவேஸின் நெருப்பு வின்காவிடம் இல்லை”ங்கறார். அவருக்கு என் வயசுதான். அந்த நெருப்பை அவர் எங்கே போய்ப் பாத்தாராம்? ரேடியோவுல ‘அந்தநாள் பாட்டு’ நேரத்துல என் பாட்டைப் போட்டாங்க. ஒரு அம்மா கூப்பிட்டு, இது என் கல்யாணத்துல ஆடின பாட்டுன்னு சொல்லி அழறாங்க. கிளாரினெட் வாசிச்ச ஒருத்தர் நிவேஸுக்குப் பக்க வாத்தியம் நான்தான்னு பேட்டி குடுக்கறார்.

— எந்தக் கிளாரினெட்காரன்? மூக்கு வளைஞ்சிருக்குமே, அவனா? அவன் வாசிச்சதே இல்லை. பெட்டி தூக்கிக்கிட்டுப் போவான்.

— மாமா, அந்த மேடையே கிடையாது. நேத்து எங்கம்மா போன் பண்றா. “ஏண்டி, நிவேஸ் பாட்டுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, எங்க வீட்டுல எல்லாரும் அவ பாட்டைத்தான் கேப்போம்”ங்கறா. பெத்த தாய்.

— உனக்குக் கோவம் வந்தா வரட்டும், ஒண்ணு கேக்கறேன். புதுத் தட்டுல கீறல் சத்தம் எதுக்குப் போட்டே?

— அது ஒரு அழகுக்கு. பழைய காலத்து உணர்வு வரணும்னு.

— அட்டையில காப்பிக் கறை?

— அதுவும் அச்சடிச்சதுதான்.

— நான் எச்சில் தொட்டுத் துடைச்சுப் பாத்தேன். போகலை. ஓட்டை மைக்கைத் தேடிப் பிடிச்சுப் பாடியிருக்கே, எங்க காலத்துச் சட்டை போட்டுக்கிட்டு முதுகைக் காட்டி நிக்கறே, அட்டையில உன் பேரைத் தேடவே பூதக்கண்ணாடி வேணும். பழசு மாதிரி இருக்கணும்னு இவ்வளவு பாடுபட்டே. பழசுன்னு ஊர் நம்பிடுச்சு. உன் உழைப்பு வீணாப் போகலையே, அதுக்கு ஏன் வருத்தப்படறே?

— புதுக்குரல் விருதுக்கு என் தட்டு போயிருக்கு, அதுக்குத்தான். பழைய பாட்டைத் திருப்பிப் பாடினதுன்னா போட்டியில கிடையாதாம். எழுதினவரே தன் பேப்பர்ல மறுத்து எழுதட்டும், பாத்துக்கலாம்னு நடுவர்கள் சொல்லிட்டாங்க. நாளைக் காலைப் பேப்பர்ல வரணும். நாலே வரி மாமா. வேற எதுவும் கேக்கலை. முதல் தட்டுக்குத்தான் அந்த விருது. எனக்கு இன்னொரு முதல் தட்டு வராது.

— இன்னிக்குத் தெக்குக் காத்தும்மா. இந்தக் காத்துல இந்த ஊர்ல எவனாவது ஏதாவது முடிவு பண்ணியிருக்கானா? பல்லுப் பிடுங்கறவன்கூட நாளைக்கு வான்னு அனுப்பிடறான்.

— காத்து நிக்கறவரைக்கும் நடுவர்கள் காத்திருக்க மாட்டாங்க.

— அந்த விருது வாங்கின நம்ம ஊர்ப் பிள்ளைங்க மூணு பேரையும் எனக்குத் தெரியும். ஆளுக்கொரு கோப்பையைத் தூக்கிக்கிட்டு சாக்ரெப் பஸ் ஏறினாங்க. அப்புறம் வந்ததெல்லாம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைதான்.

— நானும்தான் ஏறுவேன். ஜெயிச்சா அங்கே ஒரு வீடு தராங்க, பாட மேடை தராங்க. இங்கே யாருக்காகப் பாடறது? சுவருக்கா?

— சுவரைக் குறைச்சுப் பேசாதே. நல்லாக் கேக்கும்.

— பெப்போண்ணே, இந்தாங்க உங்க மத்தி. ஒரு பொட்டலம் வீட்டுக்கு, தனியா ரெண்டு, வழக்கம்போல உங்க சிநேகிதிக்கு. அட, நம்ம வின்கா. கண்ணு, உன் பாட்டைக் கேட்டேன், மீன் கடையில நாள் பூரா அதுதான். நிவேஸை அப்படியே உரிச்சு வெச்ச மாதிரி இருக்கு.

— பிலோமினாக்கா, நீங்களுமா? நிவேஸை உங்களுக்குத் தெரியுமா?

— தெரியுமாவா? மத்தி எங்ககிட்டதான் வாங்குவா. சின்னதாப் பாத்துப் போடும்பா.

— அறுபத்தாறுல நீங்க பொறந்திருக்கவே மாட்டீங்களே.

— நான் பொறக்கலைன்னா என்ன, எங்கம்மா கடை போட்டிருந்தாளே. கொஞ்சம் நகரு கண்ணு, கால் வலிக்குது.

— பாத்தியா வின்கா? சாட்சி.

— சரி. நிவேஸ் என் பாட்டைத்தான் பாடினான்னா, மூணாவது பாட்டு எப்படி முடியும்? சொல்லுங்க பாக்கலாம்.

— தட்டுல இருக்கற மாதிரியா, அவ பாடின மாதிரியா?

— ரெண்டும் வேறயா?

— அவ கடைசியில இன்னும் ரெண்டு வரி பாடுவா. “துவைத்த சட்டை காயும் முன்னே கிளம்பிப் போனாய், கொடியில் ஈரம் சொட்டுதே, அதற்கு யார் பதில் சொல்வது?” நல்ல வரி. நீ ஏன் விட்டுட்டேன்னுதான் புரியலை.

— என்ன கண்ணு, முகம் வெளுத்துப் போச்சு? தண்ணி குடி.

— அந்த வரியை நான் ஒலிப்பதிவு பண்ணலை. யார்கிட்டயும் பாடிக் காட்டலை. எழுதிட்டு, நல்லா இல்லைன்னு நானே விட்டுட்டேன். மாமா, இது உங்களுக்கு எப்படி?

— சொன்னேனே, சுவரோரமா நின்னு கேட்டேன்னு.

— அப்போ நிஜமாவே ஒருத்தி இருந்தாளா? நான் சின்ன வயசுல எங்கேயோ கேட்டதைத்தான் என்னுதுன்னு எழுதிக்கிட்டேனா? அம்மா சொன்னது சரியா? எனக்கு எதுவும் புரியலை.

— குழம்பாதே. குரல் உன்னை மாதிரிதான், ஆனா அவகிட்ட ஒரு கெட்ட பழக்கம். மேல் ஸ்வரத்துக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு தரம் இருமுவா. நடுவுல பாட்டை நிறுத்திட்டு, “கார்மெலா, இறங்கு கீழே”ன்னு ஒரு அதட்டல். கார்மெலாங்கறவ பியானோக்காரின்னு நெனச்சேன். மேடைக்கு நடுவுல வந்து நிப்பா போல.

— கார்மெலாவா?

— கார்மெலாதான். அந்த அதட்டலுக்கே தனியா ஒரு தாளம் இருக்கும். என்ன அப்படிப் பாக்கறே? சரி, உன்னைப் பாத்தாலும் பாவமா இருக்கு. உள்ளே போய் ஒரு தாளும் பேனாவும் வாங்கிட்டு வரேன். நிவேஸ்னு ஒருத்தி இல்லவே இல்லை, கிழவனுக்கு ஞாபகம் பிசகிடுச்சுன்னு நீ சொல்லு, நான் எழுதிக் கையெழுத்துப் போடறேன். சாயங்காலத்துக்குள்ள பேப்பருக்குப் போயிடும். மத்தியைப் பாத்துக்கோ பிலோமினா, கடற்காக்கா கொத்திட்டுப் போயிடும்.

— அக்கா, அவர் வீடு எங்கே இருக்கு?

— மணிக்கூண்டுக்குப் பின்னாடி இருக்கே அந்தச் சந்து, அங்கே மூணாவது மாடி. பொண்டாட்டி போய்ச் சேர்ந்ததுக்கு அப்புறம் மகள் வீட்டுல. மூணு வருஷம் இருக்கும். மகளும் மருமகனும் கப்பல்ல வேலை பாக்கறாங்க, பாதி நாள் வீட்டுல ஆளே கிடையாது. பாவம், ரேடியோகூட வைக்கறதில்லை. ஏன் கேக்கறே?

— என் வீட்டு வாசல் வேற தெருவுல. ஆனா பின்பக்கம் அதே சந்துதான். நடுவுல கிணறு மாதிரி ஒரு முற்றம். எல்லார் வீட்டுச் சமையலறை ஜன்னலும் அதைப் பாத்துத்தான் திறக்கும். மூணு வருஷமா அந்த ஜன்னல் பக்கத்துல உக்காந்துதான் இந்தப் பாட்டெல்லாம் எழுதினேன்.

— அதுக்கு?

— கார்மெலா என் பூனை அக்கா. மேசை மேல ஏறி உக்காரும். இருமறதும் நான்தான்.

— அடப்பாவமே. அப்போ நிவேஸ்?

— நான்தான் நிவேஸ். ஜன்னல் வழியா என் பாட்டைக் கேட்டிருக்கார். கேட்டது எங்கேயோ உள்ளே போய், அறுபத்தாறுல போய் உக்காந்துடுச்சு. பொய் சொல்லலை அவர். நிஜமாவே சுவரோரமா நின்ன ஞாபகம் இருக்கு அவருக்கு.

— நீ வேற. எனக்கும் அவ மத்தி வாங்கின ஞாபகம் இருக்கே.

— நீங்க சும்மா சொல்றீங்க.

— சும்மாதான் ஆரம்பிச்சேன் கண்ணு. இப்போ அவ கைப்பைகூடக் கண்ணுல நிக்குது, பச்சைக் கலர். சரி, நல்லதாப் போச்சு. அவர் வந்ததும் விஷயத்தைச் சொல்லி எழுதி வாங்கிக்கோ. சாக்ரெப் போ.

— எப்படிக்கா சொல்றது? மாமா, உங்க வாலிப வயசுல நீங்க நின்னு கேட்ட பொண்ணு பூனையைத் திட்டிக்கிட்டுப் பக்கத்து வீட்டுல இருக்கான்னா? அந்த மாடி, அந்தக் குரல், எல்லாம் ஒரு நிமிஷத்துல போயிடும். அதுக்கப்புறம் வேற எதை அவர் நம்புவார்? பொண்டாட்டி முகத்தையா?

— அதுவும் சரிதான். எங்கப்பா கடைசியில என்னைத் தன் தங்கச்சின்னு நெனச்சுக்கிட்டுக் கூப்பிடுவார். செத்துப்போன அத்தை. நான் ஒரு தடவைகூட இல்லைன்னு சொல்லலை. “வரேண்ணே”ன்னு போய் நிப்பேன்.

— கஷ்டமா இல்லையா?

— மீன் விக்கறவளுக்கு என்ன கஷ்டம்? ஆனா எனக்கு விருது எதுவும் காத்துக்கிட்டு இல்லை. உனக்கு இருக்கு. நல்லா யோசிச்சுக்கோ, வரார் பாரு.

— இந்தா பொண்ணே, தாள், பேனா, கண்ணாடி எல்லாம் ஆச்சு. சொல்லு. “நிவேஸ் என்று ஒருத்தி”... அடுத்து?

— வேண்டாம் மாமா.

— ஏன், முதல் வரி பிடிக்கலையா?

— மறுப்பே வேண்டாம். நீங்க எழுதினது அப்படியே இருக்கட்டும். நிவேஸ் என்னைவிட நல்லாத்தான் பாடியிருப்பா.

— விருது?

— போனாப் போகட்டும்.

— அப்போ சாக்ரெப்?

— எங்கே போறது? இங்கேதான் இருப்பேன். நான் கிளம்பறேன் மாமா. பேனாவைக் கடைக்காரர்கிட்ட மறக்காமக் குடுத்துடுங்க.

— கொஞ்சம் நில்லு வின்கா, இந்த ரெண்டு மத்தியைக் கையோட எடுத்துக்கிட்டுப் போயிடு. தினமும் ஜன்னல் வழியா எட்டிப் போட்டுப் போட்டு எனக்குத் தோள்பட்டை வலிக்குது. மூக்குல வெள்ளைப் புள்ளியோட உக்காந்திருக்கே உன் பியானோக்காரி, அது பசியில கத்தினா மூணாவது பாட்டுல உனக்குச் சுருதி விலகுது.