வீட்டில் ஆள் இல்லை

— பானையிலயா?

— ஆமா, பானையிலதான். எத்தனை தடவை கேப்பீங்க?

— சுமியே, கொஞ்சம் இரு. நான் கேட்டது என்ன, நீ சொல்றது என்ன? துணியில சுத்தின வட்ட இரும்பு எங்கேன்னு கேட்டேன்.

— கறுப்பு சோயாவோட வெந்துக்கிட்டு இருந்துச்சுன்னு சொன்னேன். இப்பதான் அடுப்பை அணைச்சேன். புது வருஷத்துப் பயறு பளபளன்னு கறுப்பா இருக்கணும்னா இரும்பு போடணும். குமாமோட்டோவுல எல்லா வீட்லயும் போடறதுதானே?

— எல்லா வீட்லயும் துருப்பிடிச்ச ஆணி போடுவாங்க! முன்னூறு வருஷத்து வாள் காப்பை யாராவது போடுவாங்களா?

— வாள் காப்பா? அதுவா?

— வாளோட பிடிக்கும் அலகுக்கும் நடுவுல உட்கார்ற தட்டு! நாப்பது வருஷமா நான் சேர்க்கறது என்னன்னுகூட உனக்குத் தெரியலையா?

— தெரியாம என்ன. வாள் ஒண்ணுகூட கிடையாது, வாள்ல மாட்டற தட்டு மட்டும் நூத்தி இருபது. அட போங்க.

— அது என்னோடது இல்ல, உசுகியோடது! அலமாரியில வச்சிருந்தேன், காணோம். பத்து மணிக்கு வந்து நிக்கப் போறான். இப்ப மணி ஒன்பதே கால்.

— உசுகி அண்ணாவோடதா? எட்டு நாளைக்கு முன்னாடி கொண்டுவந்து வச்சாரே, அதையா கேக்கறீங்க?

— வேற எதைக் கேப்பேன்?

— ம்.

— என்ன ம்? மூடியைத் திற.

— மாட்டேன். ஆறறதுக்கு முன்னாடி திறந்தா காத்து பட்டுத் தோல் சுருங்கிடும். சுருங்கின பயறை நாளைக்கு யார் முன்னாடி வைக்கிறது?

— என் தோலை உரிக்க ஒருத்தன் வந்துக்கிட்டு இருக்கான், நீ பயறு தோலைப் பத்திப் பேசறே.

— எட்டு நாளா அந்தப் பொட்டலத்தைப் பிரிச்சுக்கூடப் பார்க்கலை. இன்னைக்கு என்ன திடீர்னு?

— கொஞ்சம் இரு. நேரம் பார்த்துப் பிரிக்கலாம்னு இருந்தேன்.

— நேரமா? பயம், அதான்.

— எதுக்குப் பயப்படணும்?

— பதினொரு வருஷத்துக்கு முன்னாடி காப்பு சேர்க்கறவங்க சங்கத்துல பதினேழு பேர் உட்கார்ந்திருக்கையில, அவர் கொண்டுவந்ததைப் பார்த்து என்ன சொன்னீங்க? நீங்களே சொல்லுங்க.

— ‘ஆணி செய்யக்கூட ஆகாத இரும்பு'ன்னேன்.

— எவ்வளவு நேரம் பார்த்துட்டுச் சொன்னீங்க?

— யாரோடதுன்னு சொல்லாமத்தான் எல்லார் முன்னாடியும் வைப்போம். அதான் சங்கத்து வழக்கம். அவனோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?

— நான் கேட்டது அது இல்ல. எவ்வளவு நேரம்?

— ஒரு வாய் டீ குடிக்கிற நேரம்.

— அன்னையிலேர்ந்து அந்த மனுஷன் இந்த வாசப்படி ஏறலை. பெண்டாட்டி தவறினப்பகூட நமக்குச் சொல்லி அனுப்பலை. இப்ப வீட்டைக் காலி பண்ணிட்டு சப்போரோவுக்கு மக வீட்டுக்குப் போறப்ப, ‘இன்னொரு தடவை பார்த்துச் சொல்லுங்க'ன்னு வச்சுட்டுப் போனார். உங்களை ‘தெய்சோ'ன்னு பேர் சொல்லிக்கூடக் கூப்பிடலை. சின்ன வயசுல ஒரே மிதிவண்டியில சுத்தினவங்க.

— தெரியும் சுமியே. அதான் சொல்றேன். மூடியைத் திற.

— பயறு சுருங்கினா அத்தனையும் உங்க தலையில கொட்டுவேன்.

— கொட்டு. நீளக் குச்சியைக் குடு. எங்கே இருக்கு? அடியிலயா?

— கலக்காதீங்க! பயறு உடையும். இந்தப் பக்கம், ஓரமா. மெதுவா.

— வந்துடுச்சு. சுடுது. துணி இப்படிக் கறுத்துப் போச்சே? வெள்ளைத் துணியிலதானே சுத்திக் கொண்டுவந்தான்?

— பயறு தண்ணியில வெந்தா வெள்ளையாவா இருக்கும்?

— சுத்தித் தையல் வேற போட்டிருக்கு. முடிச்சுதான் போட்டிருந்தான்னு நினைச்சேன்.

— பிரிச்சே பார்க்காத ஆளுக்கு முடிச்சா தையலான்னு என்ன தெரியும்? இந்தாங்க கத்திரி.

— துண்டு ஒண்ணு குடு. துடைக்கணும்.

— இந்தாங்க. ஏங்க, உடைஞ்சுடுச்சா? வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்க.

— விளக்கை அணை.

— எதுக்கு?

— அணைச்சுட்டு ஜன்னலைத் திற. வெளிச்சம் பக்கவாட்டுல வரணும். இப்ப இங்கே வந்து உட்காரு. விளிம்பை மட்டும் பிடி. தட்டோட முகத்தைத் தொடாதே.

— கை முழுக்கக் கடுகு. தாமரைக் கிழங்கு ஓட்டையில அடைச்சுக்கிட்டு இருந்தேன்.

— கழுவிட்டு வா.

— வந்தேன். உங்க தட்டுல மூணு ஓட்டை. என் கிழங்குல ஒன்பது. நான்தான் ஜெயிச்சேன்.

— சிரிக்காம பாரு. என்ன தெரியுது?

— கறுப்பா இருக்கு.

— எப்படிக் கறுப்பு?

— ஈரமா இருக்கற மாதிரி. ஆனா துடைச்சாச்சே. கத்திரிக்காய்த் தோல் மாதிரி, உள்ளே கொஞ்சம் ஊதா.

— இந்தக் கறுப்பு வேணும்னுதான் நாங்க டீத்தண்ணியில போட்டுக் கொதிக்க வைப்போம். மாசக்கணக்கா துணியால தேய்ப்போம். எனக்கு ஒரு தடவைகூட வந்ததில்ல. ஒரு கொதியில வர்ற கறுப்பு இல்ல சுமியே இது. எப்படி வந்துச்சுன்னே தெரியலை.

— ம்.

— இப்ப லேசா சாய்ச்சுப் பாரு. இன்னும் கொஞ்சம்.

— ஐயோ!

— தெரியுதா?

— தங்கமா?

— தங்கம். தலைமுடி கனம்கூட இல்ல. இரும்பைக் கீறி, கீறல்ல தங்கத்தைத் தட்டித் தட்டி இறக்கியிருக்கான். என்ன வரைஞ்சிருக்குன்னு நீயே சொல்லு.

— இது துடுப்பு. இது தொப்பி. மழைக்குப் போடற நாணல் தொப்பி. அது மேல வெள்ளியில பொட்டுப் பொட்டா இருக்கே?

— மழைத்துளி.

— படகு எங்கே?

— கிடையாது.

— படகோட்டி?

— கிடையாது. வீட்ல ஆள் இல்லைன்னா ‘ருசு'ன்னு சொல்றோமே, அதேதான் இந்த வேலைப்பாட்டுக்கும் பேர். ஆளை வரைய மாட்டாங்க. அவன் வச்சுட்டுப் போன சாமானை மட்டும் வரைவாங்க. ஆளை நாமதான் நினைச்சுக்கணும்.

— ஆள் வரையத் தெரியாதவன் கண்டுபிடிச்சிருப்பான்.

— தொப்பியை நல்லாப் பாரு. துளி இன்னும் காயலை.

— இப்பதான் கழட்டி வச்ச மாதிரி இருக்கு. யாரோ நனைஞ்சுக்கிட்டு வந்து, அடுத்த அறைக்குள்ள போயிருக்கற மாதிரி. கூப்பிட்டா ‘என்ன'ம்பாங்க.

— அதேதான். முன்னூறு வருஷமா அந்த அறையிலேயே இருக்கான்.

— கை சிலிர்க்குதுங்க.

— திருப்பு.

— இந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லையே.

— இருக்கும். வாளை உருவி நீட்டினா, பிடிச்சிருக்கறவன் கண்ணுக்கு முன்பக்கம் தெரியும். எதிரே நிக்கறவன் கண்ணுக்குத்தான் இந்தப் பக்கம். சாய்ச்சுப் பாரு. கீழே.

— ஒரு கோடு. வெள்ளிக் கோடு. அவ்வளவுதான்.

— கரை.

— என்ன கரை?

— ஆத்தோட அந்தக் கரை. வெட்டுப்படப் போறவன் கடைசியாப் பார்க்கறது இதைத்தான். பேயைக் காட்டலை, சிங்கத்தைக் காட்டலை. கரை பக்கத்துலதான் இருக்குன்னு காட்டியிருக்கான்.

— இதை யாருங்க செஞ்சது?

— பேர் வெட்டலை. பாரு, எங்கேயும் இல்ல. அவனும் ‘ருசு'தான். விரல்ல மாட்டித் தட்டறேன், கேளு.

— …

— கேட்டுச்சா?

— இன்னும் கேக்குது.

— அடிச்சுச் செஞ்ச இரும்பு. நடு ஓட்டையைப் பாரு, வாளோட வால் நுழையற இடம். ஒரு வாள்லேர்ந்து கழட்டி இன்னொண்ணுக்கு மாட்டினா ஓட்டை பொருந்தாது, ஓரத்துல செம்பு அடைப்பாங்க. இதுல அடைக்கவே இல்ல. ஒரே வாளுக்குன்னு செஞ்சது. வேற எந்த வாளுக்கும் போகலை.

— அந்த வாள் எங்கே?

— யாருக்குத் தெரியும்? சண்டை முடிஞ்ச வருஷம் ஜெயிச்சவங்க வந்து வாளையெல்லாம் வண்டி வண்டியா ஏத்திக்கிட்டுப் போனாங்க. எங்க அப்பா வாளும் அதுலதான் போச்சு. அப்பா திரும்பி வரலை, வாளும் போச்சு. ‘மொட்டையாத்தான் போச்சு'ன்னு அம்மா சொல்வாங்க. ஏன் மொட்டைன்னு நான் கேட்டதில்ல.

— மொட்டையாவா?

— அதை விடு. இந்த மாதிரி ஒண்ணைப் போய் ஆணின்னு சொல்லியிருக்கேன், சுமியே. ஒரு வாய் டீ நேரம். ஒரே ஒரு தடவை சாய்ச்சுப் பார்த்திருந்தா போதும்.

— அழறீங்களா?

— பானை ஆவி.

— பானையை மூடி எவ்வளவு நேரமாச்சு.

— வீட்ல யாரும் இல்லையா?

— வாசல்ல உசுகி குரல்தான். வந்துட்டான்.

— என்ன சொல்லப் போறீங்க?

— எனக்குக் கண்ணில்லைன்னு சொல்லப் போறேன்.

— தலை குனிஞ்சு சொல்வீங்களா?

— தரையில நெத்தி படச் சொல்றேன்.

— அப்ப சரி. வாங்க அண்ணா, வாங்க! கதவு திறந்துதான் இருக்கு!

— அதாவது, உள்ளே வரலை தங்கச்சி. ரயிலுக்கு நேரமாச்சு. அந்தப் பொட்டலத்தைக் குடுத்தீங்கன்னா அப்படியே…

— பொட்டலமா இல்ல உசுகி. பிரிச்சுட்டேன். வாங்க, உட்காருங்க.

— அதாவது, பிரிச்சுப் பார்த்தீங்களா?

— பார்த்தேன்.

— எவ்வளவு நேரம்?

— முக்கால் மணி நேரம். இன்னும் பார்த்து முடியலை.

— அண்ணா, நிக்காதீங்க, உட்காருங்க. இவர் இப்ப உங்க கால்ல விழப் போறார்.

— உசுகி, தப்பு என்னோடது. பதினேழு பேர் முன்னாடி சொன்னேன். ஜனவரிக் கூட்டத்துல அவங்க முன்னாடியே ‘எனக்குக் கண்ணில்லை'ன்னு சொல்றேன். இந்த மாதிரி ஒண்ணு என் கைக்கு வந்ததே இல்ல. இன்னொண்ணும் சொல்லியாகணும். இது சோயாப் பானையில வெந்துடுச்சு.

— சோயாப் பானையிலயா? நான் பக்கத்து வீட்டு வாசனைன்னு நினைச்சேன்.

— நம்ம வாசனைதான் அண்ணா. இந்தாங்க, கையில வாங்கிப் பாருங்க.

— இருங்க, வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்க்கறேன்.

— ஏதாவது சொல்லு உசுகி.

— இன்னொரு தடவை சொல்லு தெய்சோ.

— பானையில வெந்து…

— அது இல்லடா. அதுக்கு முன்னாடி.

— எனக்குக் கண்ணில்லை. பார்க்காமலே சொன்னேன். மன்னிச்சிடு.

— பதினொரு வருஷம். அதாவது, பல் விளக்கறப்ப, பஸ்ஸுக்கு நிக்கறப்ப, எங்கே இருந்தாலும் நீ இதைச் சொல்ற மாதிரி நினைச்சுப் பார்ப்பேன். ஆனா நினைப்புல நீ இவ்வளவு குனிஞ்சதில்ல. எழுந்திரு, இடுப்பு பிடிச்சுக்கும்.

— பிடிச்சுக்கிச்சு. கை குடு.

— தங்கச்சி, அந்தப் பக்கம் தூக்கு. கனம் ஏறிட்டான்.

— பயறும் மோச்சிக் கொழுக்கட்டையும் யார் செஞ்சு போட்டது? அப்படித்தான் இருப்பார்.

— இப்ப நான் சொல்றேன், கேளு. அன்னைக்கு நீ சொன்னது சரி. என்னோடது வார்ப்பு இரும்பு. அடுத்த வருஷமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தட்டினா ‘டொக்'குன்னு கேக்கும். ஆணிகூட ஆகாது.

— என்ன உளர்றே? இதைத் தட்டிப் பாரு, அப்புறம் பேசு.

— எனக்கு நல்ல பேர் வேணும்னு உன்கிட்ட குடுக்கலடா. அதாவது, நீ அதைக் கையில எடுத்து, திருப்பி, ஒரு தடவை முழுசாப் பார்க்கணும். அவ்வளவுதான். பார்த்துட்டு ஆணின்னு சொல்லியிருந்தா அன்னைக்கே சிரிச்சுட்டுப் போயிருப்பேன்.

— ஆனா இது?

— இது என்னோடது இல்ல.

— என்னது?

— என்னோடதுல நடு ஓட்டைக்கு ரெண்டு பக்கமும் செம்பு இருக்கும். விளிம்புல ஒரு வெட்டு இருக்கும். இது… அதாவது, இந்த மாதிரி நானும் பார்த்ததில்ல. பேசாம வாங்கிக்கிட்டு ரயில் ஏறிடலாமான்னு ஒரு நிமிஷம் தோணிச்சு. இந்தத் தொப்பிதான் விடலை. ஈரம் காயறதுக்குள்ள உடையவன் திரும்பி வந்து கேப்பான். யாரோடது தெய்சோ?

— உன் பொட்டலத்துலதான் இருந்துச்சு!

— இல்லடா.

— சுமியே, சிரிக்காதே. யாரோடது இது?

— இப்பதான் கேக்கறீங்க, யாரோடதுன்னு. இரும்பு எங்கேன்னு கேட்டீங்க, பானையிலன்னேன். அண்ணாவோட பொட்டலம் என் கிமோனோ பெட்டியில, அவர் போட்ட முடிச்சோட அப்படியே இருக்கு. இது நான் கல்யாணமாகி வந்தன்னைக்கு, தையலைப் பிரிக்காதேன்னு சொல்லி உங்க அம்மா என் கையில குடுத்த பயறு இரும்பு. உங்க அப்பா வாள் ஏன் மொட்டையாப் போச்சுன்னு இப்பப் புரியுதா? நாப்பத்தாறு வருஷமா இந்தப் பானையிலதான் வேகுது. நீங்கதான் வீட்ல இல்ல.