நான் கனடாவில் இல்லை

பெயர்: நகுலேஸ்வரி பத்மநாதன். வயது 52. பாடசாலைச் சமையற்கூட ஊழியர். லண்டன் வெம்பிளியில் வாடகை அறையில் வசிக்கிறேன். விலாசத்தைப் பொலிசாருக்குக் கொடுத்துள்ளேன்; கணவருக்குக் கொடுக்கச் சம்மதமில்லை.

என்னைக் காணவில்லை என்றும் எனக்கு மனநிலை சரியில்லை என்றும் கணவர் பத்மநாதன் முறைப்பாடு செய்ததாக அறிவிக்கப்பட்டேன். இரண்டும் பொய். அவர் குடிப்பதில்லை, என்னை அடித்ததும் இல்லை. இருபத்தாறு வருடங்களில் "இண்டைக்கு என்ன கறி?" என்பதைத் தவிர அவர் என்னிடம் வேறு எதுவும் கேட்டதாக நினைவில்லை. என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மண்டபம் எடுத்து இருநூறு பேரை அழைத்தார். அந்த வீடியோவில் நான் மூன்று தடவை சேலை மாற்றுகிறேன், ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதைப் பார்த்த பின்னர் தனியாக வாழ்வதென்று முடிவெடுத்தேன்.

2025 ஜனவரி 11, சனிக்கிழமை காலை, விம்பிள்டன் வீட்டில் சூட்கேசுடன் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நின்று "நான் போறன்" என்றேன். எங்கள் ஆட்கள் வாசல் தாண்டும்போது "போயிட்டு வாறன்" என்றுதான் சொல்வார்கள். நான் வேண்டுமென்றே அப்படிச் சொல்லவில்லை. அவர் என் பக்கம் திரும்பாமல், "வரேக்கை பால் வாங்கிக்கொண்டு வாரும்" என்றார். அதன் பின்னர் ரயிலேறி வெம்பிளிக்கு வந்தேன்.

அதன் பின்னர் அவர், நான் கனடாவில் என் தங்கைக்குத் துணையாக நிற்பதாக உறவினர் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். மகள் கோசிகாவுக்கு மட்டும் நான் உண்மையைச் சொல்லியிருந்தேன். ஜூன் 7ஆம் திகதி கணவரின் தங்கை சந்திரவதனா மரக்கறிக் கடையில் என்னைக் கண்டு, "கனடாவாலை எப்ப வந்தனீங்கள் மச்சாள்?" என்று கேட்டார்.

"நான் கனடா போகேல்லை. உங்கடை அண்ணையை விட்டிட்டு இஞ்சைதான் இருக்கிறன்" என்றேன்.

இதைத் தங்கை சொல்லிக் கேட்ட கணவர், மானம் போய்விட்டதென்று அன்று பின்னேரமே முறைப்பாடு செய்தார்.

நேற்று கோசிகா தொலைபேசியில், "அம்மா, நீங்கள் வீட்டை வராட்டில் சந்திரவதனா மாமியும் மாமாவும்தான் தாரை வார்ப்பினமாம். அப்பா சொல்லிப்போட்டார்" என்று அழுதாள். அவளுடைய கல்யாணம் ஆகஸ்ட் 24ஆம் திகதி. தகப்பன் மகளின் கையைப் பிடித்துக் கொடுக்கும்போது தாய் செம்பிலிருந்து நீர் ஊற்ற வேண்டும். நானும் அழுதேன். அதையும் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் வீட்டுக்குத் திரும்ப மாட்டேன். ஆனால் கல்யாணத்துக்குப் போவேன். அவளைப் பெற்றவள் நான், நீர் ஊற்றுவதும் நான்தான். செம்பை என் கையில் தராவிட்டால் பிடுங்கி எடுப்பேன். அதற்கும் முறைப்பாடு வந்தால் இதே பொலிஸ் நிலையத்துக்கு வந்து இன்னொரு வாக்குமூலம் தருவேன்.

இதைத் தமிழில் வாசித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் நான் சொன்னதே, எல்லாம் உண்மையே. ஒரு சொல்லையும் மாற்றத் தேவையில்லை.

(ஒப்பம்) நகுலேஸ்வரி