கிளிப்பு மாட்டற எடம்

...இல்லப்பா, நீ இன்னா சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன். அஞ்சு பொடவ! அஞ்சும் உன் தறியில எறங்கினது, அஞ்சுலயும் நூல் இழுத்துருக்குது. வேற எவன் நெய்ஞ்சதுலயாவது இருக்குதா? இல்லியே! உக்காரு பரமசிவம், நீ நின்னுக்கினே இருந்தா அண்ணாந்து பாத்து எனக்குக் கழுத்து வலிக்குது. மொதலாளி மாடியில சாப்டுக்கினு இருக்காரு. எறங்கி வந்ததும் என்னத்தான் கேப்பாரு, "இன்னா வேணுகோபாலு, தை மாசத்துக்கு நெய்ய இந்தாளுக்குப் பாவு நூலு குடுக்கலாமா, வாணாமா?"ன்னு. நான் இன்னாபா சொல்றது? இத்தினி வருசமா இந்த மெத்தயில பொடவ விரிக்கறவன், வாய் கூசாம பொய் சொல்ல முடியுமா? வாணாம்னுதான் சொல்லணும். அப்புறம் முகூர்த்த மாசத்துல ஊரே நெய்யும், உன் தறி மட்டும் சும்மா நிக்கும். எனக்கு மட்டும் சந்தோசமா? வயிறு பத்திக்கினு எரியுதுபா!

இரு, கட்டப் பிரிக்கறேன், உன் கண்ணாலயே பாரு. இந்தச் சணல... தோ! பாத்தியா? ஒரே அறுப்பு. ...இன்னா, கத்தியவே பாக்கற? சோக்கா இருக்குது இல்ல? எங்க மச்சான் துபாய்ல இருந்து கொண்டாந்தான். மடக்குக் கத்தி. இதுல விசேசம் கத்தி இல்ல, இந்தக் கிளிப்பு. பேனா மூடியில இருக்குமே அது மாதிரி, ஆனா எஃகு. துணியக் கவ்விக்கினா வுடாது. எங்க வேணா மாட்டிக்கலாம், தொலையாது. முன்னெல்லாம் இந்தக் கடையில ஒரு கத்திரிக்கோல் ஒரு வாரம் தங்கினதில்ல. கேட்டா எல்லாரும் மேல பாப்பானுங்க, ஃபேன்ல தொங்கற மாதிரி!

சரி, கத்தியப் பையில மாட்டியாச்சு, அத வுடு. மொத ரெண்டு பொடவ, ஆவணியில ஒண்ணு, புரட்டாசியில ஒண்ணு. எங்க இழுத்துருக்குது பாரு... முந்தியில, நெஞ்சுக்கு நேரா. ரெண்டுலயும் அதே எடம். நான் ஒண்ணும் சொல்லல. மனுசன், கை தவறும். அப்ப எனக்கும் ஆயிரம் ரோதன. கத்தி புதுசு இல்லியா, சட்டப் பையில மாட்டிக்கினு பெருமையா திரிஞ்சேன். மொதலாளி பேனான்னு நெனச்சு உருவிட்டாரு! பில்லுல கையெழுத்துப் போடப் போறாரு, மை வரல, ஒதறிப் பாக்கறாரு! எதிர்ல பொண்ணு வீட்டுக்காரங்க வாயப் பொளந்துக்கினு நிக்கறாங்க. அன்னிக்கே கத்திய சட்டப் பையில இருந்து தூக்கினேன்.

ஐப்பசியில பாரு, உன் பொடவ எத்தினி வித்தேன்! தீபாவளி கூட்டம், மேல போட்டுப் போட்டுக் காட்டினேன். ஒரு இழுப்பு? ம்ஹூம். அப்ப ஒழுங்கா நெய்ய முடிஞ்சுதுல்ல? அதத்தான் கேக்கறேன். அந்த மாசம் பூரா கத்தி பேன்ட்டுல பின்பக்கப் பையில இருந்துது. பொடவக்கு ஒண்ணும் ஆவல, பஸ்ஸுக்குத்தான் ஆயிடுச்சு. செவிலிமேட்டுல இருந்து டவுன் பஸ்ஸுல வரேன்ல... எழுந்துக்கறேன், சீட்டு ரெக்சின் என் கூடவே வருது! கண்டக்டர் வுட்டானா? "யோவ், சீட்ட வூட்டுக்கு எடுத்துக்கினு போறியா"ன்னு பஸ்ஸே சிரிக்குது. அன்னியில இருந்து அந்த மாசம் முடியற வரைக்கும் நின்னுக்கினுதான் வந்தேன், உக்கார எடம் இருந்தாக்கூட.

இன்னா... கைய நீட்டி இன்னா காட்டற? என் இடுப்பயா? ஓ, கத்தியத் தொட்டுப் பாக்கணுமா! அப்புறம் தரேன்பா, கண்ணு வெக்காத. ...அது இல்லியா? பின்ன எது, அந்தத் திருகாணியா? கேளு சொல்றேன். கிளிப்பக் கழட்டி இந்தக் கோடியிலயும் மாட்டலாம், அந்தக் கோடியிலயும் மாட்டலாம், அதுக்குத்தான் ரெண்டு பக்கமும் ஓட்ட. வாட்ச் கடையில குட்டி ஸ்க்ரூ டிரைவர் வாங்கி நானே மாத்தினேன். முனை மேல பாத்து இருந்தா கைய வுடும்போது சுருக்குனு குத்துது. கீழ பாத்து வெச்சா உருவறதுக்குள்ள கஸ்டமர் வூட்டுக்கே போயிடறாங்க. வெள்ளிக்கெழம வேட்டி கட்டிக்கினா இன்னொரு கஷ்டம், பையே கெடையாது. மடிப்புல மாட்டிக்கினு வரதர் கோயிலுக்குப் போறேன், சேவிச்சுட்டு எழுந்துக்கறேன், கல்லுல 'டங்'குன்னு வுழுது. பட்டர் ஒரு பார்வ பாத்தாரு பாரு... பெருமாளக் கொள்ளையடிக்க வந்த மாதிரி! தீர்த்தம் கூட எட்டி நின்னே ஊத்தினாரு.

அப்புறம் கார்த்திகையில, யோசிச்சு யோசிச்சு, பேன்ட்டுல வலது பக்கம், முன்பைக்கு மாத்தினேன். அப்பாடா! பஸ்ஸுல உக்காரலாம், எடுக்கலாம், வெக்கலாம், எல்லாத்துக்கும் சௌகரியம். நான் நிம்மதியா இருந்தா உனக்குப் பொறுக்காதே... அதே கார்த்திகையில இருந்து மறுபடி ஆரம்பிச்சுட்ட! தோ பாரு, மூணு பொடவ. இப்ப நெஞ்சுல இல்ல, கொசுவத்துல. மூணுலயும் வலது பக்கம், இடுப்புக்கு நேரா. எடம் மாத்தி மாத்தி இழுக்கறியேபா, இன்னா வேண்டுதலா?

தலையத் தலைய ஆட்டாத. நீ கொண்டாரும்போது நான்தான வாசல் வெளிச்சத்துல புடிச்சுப் பாக்கறேன்? சுத்தமா இருக்குது. பத்து நாள் அலமாரியில இருந்தா இழுத்துக்குது. அது எப்டின்னுதான் எனக்கு ராத்திரியில தூக்கமே வரல. வேற யாருகிட்டயும் போவாத பொடவ அது. உன் பொடவய இந்தக் கடையில வேற எவனையும் தொட வுடமாட்டேன், தெரியுமா? மத்தவங்க நெய்ஞ்சத எல்லாம் மெத்தயில விரிச்சுப் போட்டா போதும், அதுங்க படுத்துக்கினே விக்கும். உன்னுது அப்டி இல்லபா. ஒடம்பு மேல வுழணும். வுழுந்தாத்தான் அதோட ஒயிலு. அதுக்காவதான், இத்தாம் பெரிய தொப்பய வெச்சுக்கினு, மீசய வெச்சுக்கினு, நானே சுத்திக்கினு நிக்கறேன். திட்டறேனேன்னு நெனக்காத. ஆசப்பட்டவனுக்குத்தான் கோவம் வரும்.

இன்னிக்கு நீ கொண்டாந்தியே மயில்கழுத்து கலர்ப் பொடவ, அத எடு. பாரு, ஒரு கொற சொல்லு பாக்கலாம்! எப்டிக் காட்டுவேன்னு பாரு. தோ, இப்டி ஒரு சுத்து... கொசுவத்த மடிச்சு, பெல்ட்டுல சொருகி... ஏன்பா பதறி எழுந்துக்கற? மார்கழி மாசம், கடையில ஈ காக்கா கெடையாது, யாரு பாக்கப் போறா? முந்திய தோள்ல போட்டு, அப்டியே ஒரு திரும்பு திரும்பினா...

டிர்ர்...

...

இன்னா சத்தம் அது?

பரமசிவம்... எங்க கேட்டுது? கீழயா? வலது பக்கமா? எனக்குத் தொப்ப மறைக்குது, ஒண்ணும் தெரியல. நீ பாத்து சொல்லு. ...கிளிப்பா? கிளிப்புலயா மாட்டிக்கினுருக்குது?

அய்யோ. நெஞ்சுல... சட்டப் பை. ஐப்பசியில ஒண்ணுமில்ல... பின்பை. கார்த்திகை... அய்யய்யோ!

நீ அப்பவே கைய நீட்டி நீட்டிக் காட்டினது இதுதானா? வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா... சரி சரி, நான் எங்க வுட்டேன். கத்தாத. நீ கத்தல, நான்தான் கத்தறேன். இங்க பாரு, மொதலாளிக்குத் தெரிய வாணாம். எலின்னு சொல்லிடலாம். எலி... எலி நெஞ்சுக்கு நேரா மட்டும் பாத்தா கடிக்கும்? எதுனா யோசிபா! உனக்குப் பாவு நான் வாங்கித் தரேன், நைசா பேசி. இத மட்டும் மெதுவா எடுத்து வுட்டுடு. உன் கைக்குத்தான் நூல் கேக்கும்.

எங்க போற? ஏய்... வாசல் அந்தப் பக்கம், அது மாடிப்படி! பரமசிவம்! அண்ணே! பரமசிவண்ணே, என்ன இப்டியே வுட்டுட்டுப் போவாதீங்கண்ணே!

ஏறிட்டாரே...

ஒரு இழு இழுத்தா வந்துடும். நூல் அறுந்தா அறுந்துக்கினு போவட்டும். மடிச்சு அடியில வெச்சுட்டா யாருக்குத் தெரியும்? இழுடா வேணுகோபாலு. இழு... அடச்சே, மயில்கழுத்துபா. வெளிச்சம் பட்டா எப்டி இருக்குது பாரு. கை வர மாட்டேங்குதே!

...மெதுவா எறங்குங்க மொதலாளி, காத்து அடிச்சாக்கூட நூல் வருது. ஆமாங்க, பொடவதான் சுத்திக்கினுருக்கறேன். அவரு சொன்னது நெசந்தாங்க. அஞ்சும் நான்தான். இதையும் சேத்து ஆறு. தைக்குப் பாவு அவருக்கே குடுங்க, வேற யாரையும் கேக்காதீங்க, என்னக்கூடக் கேக்காதீங்க. ...பரமசிவண்ணே, மொதலாளிதான் பாத்துட்டாரே, இப்பவாவது வந்து எடுத்து வுடுங்கண்ணே. எவ்ளோ நேரம் மூச்சு வுடாம நிக்கறது?