நன்றியுரை முடியும்வரை யாரும் எழும்பவில்லை

தொபுக்கென்று ஏதோ தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டபோது நான் நன்றியுரையின் பதினோராம் பக்கத்தில் இருந்தேன். தேநீர் ஊற்றியவர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்த இடம். அங்கே நிறுத்தினால் அவர்கள் மனம் நோகும். ஆகவே தேநீரை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தேன். விழுந்தது நமது பிரதம அதிதி, கொழும்பிலிருந்து வந்த பேராசிரியர்.

பிளேன்டீ ஆறிவிடும், குடியுங்கள் தம்பி ஜிப்ரி. என்னிடம் விளக்கம் கேட்க எழுத்தாளர் சங்கம் உங்களை ஓட்டமாவடியிலிருந்து தேற்றாத்தீவு வரைக்கும் அனுப்பியிருக்கிறது. மாநாட்டன்று உங்கள் தங்கைக்குக் கலியாணம், நீங்கள் வரவில்லை. சங்கத்தில் என்மேல் கோபமில்லாத ஒரே ஆள் நீங்கள்தான். அதனால் எதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

நான் தபாலகத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்றவள். அனுப்பியது எதுவோ அது போய்ச் சேர வேண்டும் என்பது மட்டுமே அங்கே எங்களுக்கு வேதம். விலாசம் அழிந்துபோன கடிதத்தைக்கூட வீடுவீடாக விசாரித்துச் சேர்ப்பித்திருக்கிறேன். அப்படிப்பட்ட என்னைச் சங்கம் ஒன்பது மாநாடுகளாக நன்றியுரைக்குப் போட்டது. அழைப்பிதழில் கடைசி வரி, சின்ன எழுத்து. 'நன்றியுரை: திருமதி பீற்றிஸ்.'

நன்றியுரை என்றால் நம் மாநாடுகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. தலைவர் ஜெயராஜா ஒலிவாங்கியைப் பிடித்து, ஒரே மூச்சில், "அடுத்து நன்றியுரை, சாப்பாடு பின்னுக்கு ரெடி" என்பார். முதல் பாதி யாருக்கும் கேட்பதில்லை. நான் மேடையேறுவதற்குள் கதிரைகள் கிரீச்சிடும். போன வருடம் நான் 'அவையோர்களே' என்றபோது அவையில் இருந்தவர் ஒலிபெருக்கிக்காரர் மட்டும். அவரும் வயரைச் சுருட்டிக்கொண்டே மேடைவரை வந்து, "அக்கா, கையில இருக்கிறதயும் தந்தீங்கண்டா வாகனத்தில ஏத்திருவன்" என்று மைக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மிச்சத்தை நான் கதிரைகளுக்குச் சொன்னேன். கதிரைகள் நன்றாகக் கேட்டன. ஆனால் அவையும் வாடகைக் கதிரைகள், பாதியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

எனக்கு ஆசை என்று ஒன்றுதான் இருந்தது. ஒரே ஒரு தடவை, நிறைந்த அவையில், முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தைவரை நன்றியுரை சொல்ல வேண்டும். விருது கேட்டேனா? பொன்னாடை கேட்டேனா? இல்லை.

இந்த வருடம் மாநாட்டை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. வாவிக்கு நடுவில் கண்ணாத்திட்டில் ஒரு மண்டபம் இருக்கிறது, கட்டாரில் உழைத்தவர் ஒருவர் கலியாண விழாக்களுக்கென்று கட்டியது, அங்கே வைக்கலாம் என்று நான் சொன்னேன். ஜெயராஜா மேசையில் தட்டினார்.

"அக்கா, இது யோசின! நாலு பக்கமும் தண்ணி, நடுவில இலக்கியம். பேப்பரில முழுப்பக்கம் போடுவானுகள்."

நாலு பக்கமும் தண்ணீர் என்பதைத்தான் நானும் யோசித்திருந்தேன். அவருக்கு அது உவமை.

திட்டுக்குப் போக ஒரே வழி, பாதை என்று நாம் சொல்லும் அந்த இரும்பு மிதவை. ஓட்டுபவன் பிரதீஸ், நல்ல பிள்ளை. காலையில் எல்லோரையும் இறக்கிவிட்டு, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து ஏற்றுவது ஏற்பாடு. நான் அவனைத் தனியே கூப்பிட்டு, விழா ஐந்து மணிக்குத்தான் முடியும் என்று சொன்னேன்.

"முன்னுக்கு வாவெண்டு ஆரும் கூப்பிட்டா, அக்கா?"

"வராத மனே. எழுத்தாளர்மார் கரையில நிண்டு கத்துவாங்க, கையக் காட்டுவாங்க. அது கவிதை வாசிக்கிறது."

"அழுதா?"

"அது நல்ல கவிதை."

அவன் தலையாட்டினான். இலக்கியத்தின்மேல் அவனுக்கு மரியாதை உண்டு.

கைத்தொலைபேசிகளை வாசலிலேயே கூடையில் வாங்கிவைத்ததும் நான்தான். நிகழ்வுக்கு இடையூறு வரக்கூடாதல்லவா. பேராசிரியர் தம் உரையில் அதைப் பாராட்டி, "எல்லா மாநாடுகளும் இதைப் பின்பற்ற வேண்டும்" என்றார். அப்போது அவர் உலர்ந்திருந்தார். காத்தான்குடியிலிருந்து வந்த புரியாணிப் பார்சல்களை மேடையில் எனக்குப் பின்னால் அடுக்கிவைத்தேன். அதுவும் ஈ மொய்க்காமல் இருக்கத்தான். மணம் முன்வரிசைவரை போனது உண்மை. காற்றை நான் ஏற்பாடு செய்யவில்லை.

மதியம் ஜெயராஜா வழக்கம்போல, "அடுத்து நன்றியுரை, சாப்பாடு..." என்று தொடங்கிப் பின்பக்கம் திரும்பினார். சாப்பாடு பின்னால் இல்லை. முன்னால், என்னோடு இருந்தது. எழும்பிய எல்லோரும் மெல்ல உட்கார்ந்தார்கள். தம்பி, நிறைந்த அவை என்றால் என்ன என்று அன்றுதான் கண்டேன். அத்தனை கண்களும் என் பக்கம். கொஞ்சம் எனக்குப் பின்னால் பார்த்ததாகத் தெரிந்தது. அது வெயிலின் கூச்சமாக இருக்கலாம்.

அழைப்பிதழ் அச்சிட்டவர், பதாகை கட்டியவர், ஓட்டமாவடி, ஏறாவூர், களுவாஞ்சிகுடிப் பக்கங்களிலிருந்து ஆட்களை ஏற்றிவந்த பஸ் சாரதிகள், நடத்துநர்கள், ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி நன்றி. ஜெயராஜா ஒரு துண்டு அனுப்பினார்: 'சுருக்கமாக முடிக்கவும்.' துண்டு அனுப்பிய தலைவருக்கும், கொண்டுவந்து தந்தவருக்கும் நன்றி சொன்னேன். பிறகு துண்டு வரவில்லை.

அந்த வேளையில்தான் பேராசிரியர் நழுவினார். கரையில் ஒரு மீன்பிடித் தோணி கட்டியிருந்தது. அதில் ஏறி, துடுப்பைத் தேடிக் குனிந்திருக்கிறார். தோணி சரிந்துவிட்டது. துடுப்பு அங்கே இல்லை. காலையிலேயே நான் அதை எடுத்துப் பதாகைக்குப் பின்னால் சாத்தியிருந்தேன். யாராவது தடுக்கி விழுந்தால் என்ன செய்வது?

இடுப்பளவுத் தண்ணீர்தான். அவர் பொன்னாடையோடு எழுந்து நின்று, அதைக் கழற்றி அக்கரையைப் பார்த்துச் சுழற்றினார். அக்கரையிலிருந்து பிரதீஸ் கைதட்டியது இங்கே கேட்டது. நான் ஒலிபெருக்கியிலேயே சொன்னேன், "பேராசிரியர் அவர்களே, இந்தப் பக்கத்தில் முதலை நடமாட்டம் உண்டு, வந்து அமருங்கள்" என்று. எழுபது வயதில் அவ்வளவு வேகமாகக் கரையேறிய ஒருவரை நான் கண்டதில்லை. ஈரத்தோடு முன்வரிசையில் அமர்ந்தார். அதற்கும் நன்றி சொன்னேன்.

கண்ணாத்திட்டுப் பக்கம் முதலை வருவதில்லை என்று பிரதீஸ் பிறகு எல்லோருக்கும் சொல்லியிருக்கிறான். எனக்கு அது முதலே தெரியும்.

அடுத்த பகுதியைத்தான் சங்கம் 'சித்திரவதை' என்று எழுதியிருக்கிறது. அந்தச் சொல் எனக்குச் சரியாகப் படவில்லை. என் கதைகளைத் திருப்பியனுப்பிய பத்திரிகை ஆசிரியர்களுக்கு நான் நன்றி சொன்னேன். அவர்கள் இல்லாவிட்டால் நான் தினமும் உழைத்திருக்கமாட்டேன். ஆனால் எதைத் திருப்பினார்கள் என்று சொல்லாமல் நன்றி சொன்னால் அது வெறும் சம்பிரதாயம். ஆகவே அந்தக் கதைகளையும் வாசித்தேன். முழுதாகத்தான். ஒரு கதையின் பாதியைக் கேட்டுவிட்டுப் போவது எவ்வளவு வேதனை என்று எழுதுபவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது கதையில் கதாநாயகன் இறக்கும்போது பலர் அழுதார்கள். மூன்றாவது கதையைக் கையில் எடுத்தபோதும் அழுதார்கள். அதை நான் இன்னும் வாசிக்கத் தொடங்கியிருக்கவில்லை.

பட்டினி போட்டேன் என்பது அப்பட்டமான பொய். நீரிழிவு உள்ளவர்களுக்கு மேடையிலிருந்து இறங்கிப்போய் இரண்டிரண்டு பிஸ்கட் கொடுத்தேன். அப்போது திடீரென்று முன்வரிசை முழுவதும் நீரிழிவு என்றது. மற்றவர்களுக்கும் பார்சல் உண்டு என்று அறிவித்தேன். ஒரு சிறிய கேள்வி, சரியாகச் சொன்னால் ஒரு பார்சல். பதாகை கட்டியவர் யார்? இரண்டாவது கதையில் கதாநாயகனின் தங்கைக்கு என்ன வருத்தம்? கேட்டிருந்தால் தெரியும். ஏறாவூர்க் கவிஞர் ஹப்ஸா மட்டும் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். அவளுடைய கையில் பார்சல்கள் குவிந்தன. பேராசிரியர் அவளுடைய காதருகே குனிந்து, "மகள், அந்தத் தங்கச்சிக்கு என்ன வருத்தம்? மெல்லச் சொல்லுங்க" என்றது நான் அவளுக்கு நீட்டியிருந்த ஒலிவாங்கியில் விழுந்தது. பரீட்சையில் பார்த்தெழுதும் ஒரு பேராசிரியருக்கு நான் எப்படிப் பார்சல் கொடுப்பது? ஜெயராஜாவுக்கு நாலு தடவை வாய்ப்புக் கொடுத்தேன்.

"காய்ச்சல்."

"இல்லை தலைவர்."

"அப்ப... கலியாணம்?"

அவர் ஒன்பது வருடமாக என் பேச்சைக் கேட்காத மனுசர். ஒரே நாளில் எப்படி வரும்?

ஹப்ஸா தன் பார்சல்களைப் பிரித்துப் பின்வரிசைக்குக் கொடுக்கப் பார்த்தாள். நான் தடுத்தேன். தடுத்ததை ஒப்புக்கொள்கிறேன். "பசிக்கிது அக்கா, எல்லாருக்கும்" என்றாள். "எனக்கும்தான் மகள், ஒன்பது வருசமா" என்றேன். அவள் பார்சல்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஐந்து மணி நெருங்கும்போது என் வாழ்நாளில் காணாத ஒன்றைக் கண்டேன். அவை முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. சிலர் விசிலடித்தார்கள். பேராசிரியர் ஈர வேட்டியோடு துள்ளினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பாதை வருவதைக் கண்டுதான் எழும்பினார்கள் என்று ஜெயராஜா சொல்லித்திரிகிறாராம். பாதை அதே நேரத்தில் வந்தது உண்மைதான். தற்செயல்.

ஆனால் நான் இறங்கி வணக்கம் சொல்வதற்குள் மண்டபம் காலி. பார்சல்களும் காலி. தொலைபேசிக் கூடை குப்புறக் கிடந்தது. திரும்பும் பாதையில் என் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை. அத்தனை பேரும் மறுபக்கம் ஒதுங்கியதால் மிதவை சரிந்து, பிரதீஸ் ஏசினான். களைப்பாக இருந்திருப்பார்கள். பேராசிரியருக்கு நனைந்ததில் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகுவதற்கு நான் வருந்துகிறேன். அவருக்குக் கொத்தமல்லி அனுப்பியிருக்கிறேன், பதிவுத் தபாலில்.

சங்கம் உங்களிடம் கேட்கச் சொன்ன கேள்வி, இது திட்டமிட்ட செயலா என்பதுதானே. ஓம் தம்பி. இடம், பாதை, கூடை, துடுப்பு, பார்சல், முதலை, எல்லாம் தை மாதமே நான் யோசித்துவைத்தவை. யாரும் எனக்கு உதவவில்லை; பிரதீஸின் மேல் பழி போடாதீர்கள். ஐம்பத்திரண்டு எழுத்தாளர்களைப் பட்டப்பகலில் திட்டில் அடைத்துவைத்து, பசிக்கப் பசிக்க என் கதைகளைக் கேட்கவைத்தவள் நான்தான். அப்படியே எழுதுங்கள்.

ஆனால் நான் திருந்திவிட்டேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு மனுசரைப் பிடித்துவைத்துக் கேட்கச் செய்வது இலக்கியமாகாது. விரும்பினால் கேட்கட்டும், விரும்பாவிட்டால் போகட்டும். அன்று நேரம் போதாமல் விடுபட்ட பக்கங்கள் இதோ இருக்கின்றன. இவற்றைக்கூட இனி யாருக்கும் வற்புறுத்தி வாசிக்கமாட்டேன். உங்களுக்கு நன்றி சொல்லும் இடம் ஒன்று வருகிறது. அதை மட்டும் வாசித்துக் காட்டுகிறேன். முன்னுக்குள்ள பக்கங்கள் இல்லாமல் அது விளங்காது, ஆகவே தொடக்கத்திலிருந்து வருவோம். சாய்ந்து இருங்கள் தம்பி. ஏன் எழும்புகிறீர்கள்?

"வாசிங்க பீற்றிஸ் அக்கா, நான் கேக்கன்... ஆனா முன்கதவப் பூட்டிப்போட்டு, திறப்ப ஏன் கைக்குள்ள பொத்தி வச்சிரிக்கீங்க?"