வேற ஒரு பார்ட்டி

மத்தியானம் மூன்று மணி. பேய்க் கதைக்கு இதெல்லாம் ஒரு நேரமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் ராத்திரி பன்னிரண்டு மணி, தெருநாய் ஊளை என்று ஆரம்பிக்க ஆசைதான். ஆனால் நடந்தது மூன்று மணிக்கு. நல்ல வெயிலில்.

ஊருக்கு வெளியே புதிதாக மனை போட்ட இடம். நேராக ஒரு தார் ரோடு… இரண்டு பக்கமும் எல்லைக்கல்… ஒரு ஈ காக்கா இல்லை. ரோடு முடிகிற இடத்தில் கட்டி முடித்த வீடு ஒன்றே ஒன்று. அந்த ரோட்டில் ஸ்கூட்டரில் ஒருத்தன் போகிறான். என்னோடு வேலை பார்க்கிறவளின் கூடப்பிறந்த அண்ணன். வீட்டு புரோக்கர். இதை அவள் என்னிடம் சொன்ன அன்று, திறந்த டிபன் பாக்ஸைத் தொடாமலே மூடி வைத்துவிட்டாள். அதனால் நான் நம்புகிறேன். நீங்கள் நம்புவது உங்கள் இஷ்டம். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், லைட்டை மட்டும் யாரும் அணைக்க வேண்டாம்.

வீடு பார்க்க வருகிறவர்கள் மூன்றரைக்கு வருவார்கள். இவன் அரை மணி முன்னாலேயே போய்விடுவான். ஜன்னலைத் திறந்து பெயின்ட் நெடியை வெளியே அனுப்ப வேண்டும். எல்லா லைட்டையும் போட வேண்டும். டேங்க்கில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் எல்லா புரோக்கரும் செய்கிறதுதான். இவன் செய்கிற வேலை இன்னொன்று இருந்தது. அதற்கு அவன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும்.

வீடு தேடி அலைந்தவர்கள் இங்கே நாலு பேராவது இருக்கிறீர்கள். புரோக்கர் உங்களை எப்படி நடத்தினான் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதலில் ஒரு பாடாவதி வீட்டைக் காட்டுவான். இரண்டாவது வீடு அதைவிட மோசமாக இருக்கும். மூன்றாவதாகக் காட்டுகிற சுமாரான வீடு உங்கள் கண்ணுக்கு அரண்மனையாகத் தெரியும். நீங்கள் போன் செய்தால் எடுக்க மாட்டான். அவன் செய்தால் நீங்கள் தலையில் சோப்போடு நின்றாலும் ஓடி வந்து எடுக்க வேண்டும். "யோசிச்சுச் சொல்றோம்" என்று நீங்கள் வாயைத் திறந்ததும் காதைச் சொறிந்துகொண்டே சொல்வான்:

"தாராளமா யோசிங்க. வேற ஒரு பார்ட்டி பாத்துட்டுப் போயிருக்காங்க… அதான்…"

அந்த 'அதான்'னில்தான் அவர்கள் பிழைப்பு ஓடுகிறது. வேறு பார்ட்டியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது.

மற்றவர்கள் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். இவன் கைதேர்ந்தவன். இவனுடைய பார்ட்டிக்குக் கை கால் உண்டு. "புருஷன் பொண்டாட்டி, ஏழு வயசுல ஒரு பொண்ணு. அவரு டேப்பு வச்சு ரூம் ரூமா அளந்தாரு. அந்தம்மா சமையலறைக் குழாயத் தொறந்து தண்ணி எப்படி வருதுன்னு பாத்தாங்க. அந்தப் பொண்ணு இருக்கே… அதுக்குள்ள இது தன் வீடுன்னே முடிவு பண்ணிடுச்சு. இங்க பாருங்க" என்று சமையலறைக் கதவின் நிலைக்காலைக் காட்டுவான். மரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு. ஒரு பிள்ளை நின்று உயரம் அளந்த கோடு.

ஒரு வாத்தியார் தம்பதி. எட்டு மாதமாக வீடு தேடி நொந்து போனவர்கள். அந்த அம்மா கோட்டை விரலால் தொட்டுப் பார்த்து, "பாவம், ஆசையா கோடு போட்டிருக்கு… நாம எப்படிங்க வாங்கறது?" என்றாள்.

"பாவம் பாத்தா வாடகை வீட்டுலயே காலத்தை ஓட்ட வேண்டியதுதாம்மா" என்றான் இவன். வாத்தியார் அங்கேயே நின்று அட்வான்ஸ் கொடுத்தார்.

அந்தப் பார்ட்டியை அவன் எங்கிருந்து பிடித்தான் தெரியுமா? தன் வீட்டிலிருந்து. அவன், அவன் மனைவி, அவர்கள் பெண். அந்தக் குழந்தை ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் அவர்கள் வாடகை வீட்டின் சமையலறைக் கதவோரம் போய் நிற்கும். இவன் உள்ளங்கையைத் தட்டையாக அதன் தலையில் வைத்து, கைக்கு அடியில் கோடு போடுவான். அது திருட்டுத்தனமாகக் குதிகாலைத் தூக்கும். இவன், "குதிகாலைத் தரையில வை" என்பான். இறக்கும். கோடு போட்டதும் பென்சிலைப் பிடுங்கி, கோட்டின் நுனியில் ஒரு சின்ன வட்டம் போடும். அப்படி ஏழு கோடு. எட்டாவது கிடையாது. மூன்றே நாள் காய்ச்சல். போய்விட்டது.

அது நடந்து நாலு வருஷம். அன்றைக்கும் அவன் அழவில்லை, பிறகும் அழவில்லை. மரத்துப் போய்விட்டான். அடுப்பிலிருந்து இறக்கின டீயை அப்படியே வாயில் ஊற்றுவான். "சுடலையாங்க?" என்பாள் மனைவி. "இல்ல" என்பான். பொய் இல்லை, நிஜமாகவே சுடவில்லை. டாக்டர் கையையும் நாக்கையும் பார்த்து ஒரு கோளாறும் இல்லை என்று அனுப்பிவிட்டார். செத்த பிள்ளையை வைத்து வீடு விற்கிறோமே என்றுகூட அவனுக்கு உறைக்கவில்லை. காலி வீட்டில் வெறும் காற்றில் உள்ளங்கையை வைப்பான். சட்டையின் மூன்றாவது பொத்தான் உயரம். கைக்கு அடியில் கோடு போடுவான். மனைவிக்கு இது எதுவும் தெரியாது.

சரி… மூன்று மணி. பூட்டைத் திறந்து உள்ளே போனான். ஒரே சாவி, அதுவும் இவனிடம். பெயின்ட் நெடி அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. பென்சில் சீவின வாசனை… கூடவே தலைக்கு வைக்கிற எண்ணெய் வாசனை. சமையலறைக்குப் போனான். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நிலைக்காலில் கோடு ஏற்கெனவே இருந்தது.

இவன் போடுகிற உயரத்துக்கு இரண்டு விரல்கடை மேலே. நுனியில் ஒரு சின்ன வட்டம்.

இவன் வட்டம் போட்டதே கிடையாது.

பெயின்டர் பயல் எவனாவது கிறுக்கியிருப்பான் என்று எச்சில் தொட்டு அழித்தான். அப்போது உள் அறையிலிருந்து ஒரு சத்தம். சர்ர்ர்… டக். அளக்கிற டேப் சுருண்டு உள்ளே போகிற சத்தம். போய்ப் பார்த்தான். வெறும் அறை. நாமாக இருந்தால் ஸ்கூட்டரைக்கூட எடுக்காமல் ஓடியிருப்போம். இவன் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்றரை. வந்தவர்களுக்கு வீட்டைக் காட்டினான்.

அடுத்த வீட்டில் கோடு இன்னும் இரண்டு விரல் மேலே இருந்தது. அதற்கடுத்த வீட்டில் இன்னும் கொஞ்சம். ஒவ்வொன்றிலும் வட்டம். அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை. கோடு போடுகிற வேலை மிச்சம் என்று பென்சிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தான். எப்பேர்ப்பட்ட ஆள் பாருங்கள்.

இப்படி இருக்கும்போது, அவன் குடியிருந்த வாடகை வீடு விலைக்கு வந்தது. வீட்டுக்காரர் வெளியூர். விற்கிற பொறுப்பை ஒரு பெண்ணிடம் ஒப்படைத்திருந்தார். அந்தப் பெண் இவனிடமே மூன்று வருஷம் இருந்து தொழில் கற்றவள். அவள் முதலில் இவனிடம்தான் வந்தாள். "அண்ணே, நீங்க இருக்கற வீடு. நீங்களே எடுத்துக்கங்க" என்று விலையைச் சொன்னாள். சேமிப்பைத் துடைத்து எடுத்தால் கொடுத்துவிடலாம்.

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். அதிகம் பேச மாட்டாள். அன்றைக்குப் பேசினாள்.

"வாங்கிடுங்க. பேரம் பேசாதீங்க. எனக்கு இந்த வீடு வேணும்னு இல்ல… அந்த நிலைக்கால் வேணும்."

இரண்டு தடவை வீட்டுக்கு வெள்ளையடித்தபோதும் அந்த மரத்தில் தூரிகை படாமல் பக்கத்திலேயே நின்று காவல் காத்தவள் அவள். ஏழு கோடும் ஏழு வட்டமும் அப்படியே இருந்தன.

இவனுக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் தொழில் புத்தி விடுமா? ஒரு வாரம் பேசாமல் இருந்தால் விலை தானாக இறங்கும் என்று இருந்தான். மூன்றாம் நாள் அந்தப் பெண் போன் செய்தாள்.

"அண்ணே, சீக்கிரம் சொல்லுங்க. வேற ஒரு பார்ட்டி பாத்துட்டுப் போயிருக்காங்க."

இவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கிட்டயேவா? யாரு, புருஷன் பொண்டாட்டி, ஒரு பொண்ணா?"

"ஆமாண்ணே. நெஜமாத்தான் சொல்றேன்…"

"டேப்பு வச்சு அளந்தாரா?"

"அளந்தாருண்ணே. நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருந்தப்ப, வீட்டுக்காரர் குடுத்த சாவியில தொறந்து காட்டினேன். மூணு மணிக்கு."

"நல்லா கத்துக்கிட்டம்மா" என்று போனை வைத்தான். மனைவி கைவேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள். "யாரோ வந்தாங்களாமே… இன்னிக்கே குடுத்துடுங்க" என்றாள். அவள் கெஞ்சி அவன் பார்த்ததே இல்லை.

"அப்படி ஒரு பார்ட்டியே கெடையாதுடி. இருந்தா எனக்குத் தெரியாதா? அதை உண்டாக்கினதே நான்."

வாரம் முடிந்து, விலையைக் குறைத்துச் சொல்லலாம் என்று இவனே கூப்பிட்டான்.

"முடிஞ்சிடுச்சுண்ணே. முந்தாநாளே பத்திரம் பதிஞ்சாச்சு. நான்தான் சொன்னேனே."

"யாரும்மா அவங்க?"

"முகம் சரியா ஞாபகம் வர மாட்டேங்குது… அந்தப் பொண்ணு மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. பதினோரு வயசு இருக்கும். உள்ள வந்ததும் யாரையும் கேக்காம நேரா சமையலறைக் கதவுகிட்டப் போய் நின்னுச்சு. என்ன கண்ணு அங்க நிக்கறேன்னேன். 'எங்கப்பா வந்து கோடு போடுவாரு'ன்னுச்சு. அவங்கப்பா பக்கத்துலயேதாண்ணே நிக்கறாரு… கையில டேப்போட. ஆனா அது வாசலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு."

மாதக் கடைசியில் காலி செய்தார்கள். வாங்கினவர்கள் இன்று வரை அங்கே குடி வரவில்லையாம். தெருக்காரர்கள் யாரும் அவர்களைப் பார்த்ததில்லை. கரண்ட் பில் மட்டும், ஆள் இருக்கிற வீடு மாதிரி, தவறாமல் வருகிறதாம்.

கடைசி நாள். சாமான் எல்லாம் லாரியில் ஏறிவிட்டது. லாரிக்காரன் வெளியே அவசரப்பட்டுக்கொண்டிருந்தான். மனைவி சமையலறையின் அந்தக் கோடியில், குழாயடியில், சாவிக் கொத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த வாரம் முழுக்க அவள் அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவன் பிறகு தங்கையிடம் சொன்னானாம். இவன் கதவோரம் நின்றான். வெறும் வீடு… குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும்.

"ஏங்க" என்றாள். "இப்ப எவ்வளவு உயரம் இருப்பா?"

மற்ற வீடுகளில் பார்த்த கோடுகளைப் பற்றி அவன் அவளிடம் சொன்னதே கிடையாது. ஆனாலும் கேட்டாள். அவனும் யோசிக்கவில்லை. நிலைக்கால் பக்கம் திரும்பி, வலது கையை நீட்டி, தோள் உயரத்தில் காற்றில் தட்டையாக வைத்தான்.

"இவ்வளவு."

உள்ளங்கையில் முடி பட்டது.

எண்ணெய் வைத்து வாரின முடி. நடு வகிடு. அதற்கு அடியில் சூடு… கொதிக்கிற டீயில்கூடத் தெரியாத சூடு. நாலு வருஷம் கழித்து அவன் கைக்கு அது தெரிந்தது.

அவன் குனிந்து பார்க்கவில்லை. மனைவி அந்தக் கோடியிலேயே நின்றிருந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் கைக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே லாரி ஹாரன் அடித்தது. அவன் கைக்கு அடியில் அது அரை விரல் அளவுக்கு மேலே எழும்பியது.

பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"குதிகாலைத் தரையில வை."

இறங்கியது.