ஒழுகும் வாளிக்குச் சின்னக் கோல்

ஜப்பான்காரன் காலத்தில் ஒரு விடியற்காலை, சிரம்பானில் அரிசிக்கு நின்ற வரிசை. மூடுபனியில் எங்கள் தலைகள் மட்டும் மிதந்துகொண்டிருந்தன. எனக்கு முன்னால் எஸ்டேட்டில் தகர வேலை செய்யும் ஒருவரும் அவர் மனைவியின் தம்பியும் நின்றார்கள்.

"மச்சான், ஈயம் பத்த வைக்கிற கோல் ஒன்னு வேணும். சின்னதா, மூக்கு ஊசியா இருக்கிறது."

"எதுக்கு மாப்ளே?"

"வீட்டுல பால்வாளி ஒழுகுது லா."

"வாளிக்குச் சின்னது சரிப்படாது. தகரம் சூட்டக் குடிச்சிரும், ஈயம் ஓடாது. பெரிய செம்புத்தலை உள்ளத எடுத்துக்க."

"பெருசு வேணாம் மச்சான். கம்பியெல்லாம் கருகிடும்."

"வாளியில ஏது கம்பி?"

தம்பி சுற்றுமுற்றும் பார்த்தான். ஒளித்து வைத்த ரேடியோவில் வெளிநாட்டுச் செய்தி கேட்பது தெரிந்தால் தலை போய்விடும். ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு எங்களைக் கடந்து பனிக்குள் கரைந்தான்.

"சின்னதே தர்றேன்" என்றார் தகரக்காரர். "திராவகம் மட்டும் தொடாத, கம்பிய அரிச்சிரும். ஈயம் ஒட்டக் குங்கிலியம் போதும்."

வரிசை நகர்ந்தது. தூக்கத்தில் பேசுபவர்போல் அவர் மறுபடி தொடங்கினார்.

"வாளி பேச ஆரம்பிச்சா எனக்குச் சொல்லி விடு. சயாம் ரயில் ரோட்டு வேலைக்குப் பிடிச்சிட்டுப் போனவங்களப் பத்தி ஏதாச்சும் சொல்லுதான்னு கேக்கணும். எம் பையன் அங்க கொண்டுபோன தூக்குச்சட்டிய, பெரிய கோல்ல நல்லாப் பத்த வெச்சுத்தான் குடுத்தேன். அது ஒழுகாது. அவனப் பத்தித்தான் ஒன்னும் தெரியல."